நாணயத் தொகுப்பு சேமிப்பாகுமா?



சுங்காய் வட்டாரப் பெற்றோர் ஆசிரியரிடம் பாடத்தை மட்டும் கேட்பதில்லை. பிறப்புப் பத்திரம் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் கேட்பார்கள். அண்மைக் காலமாக அடிக்கடி என் செவிக்கு வரும் கேள்வி இது: "பேங்க் நெகாரா வெளியிடும் நினைவு நாணயத் தொகுப்புகளை வாங்கி வைத்தால், பிள்ளை பெரியவனாகும்போது நல்ல விலை போகுமா, சார்?"

அழகிய பெட்டி, உள்ளே பளபளக்கும் நாணயங்கள், உடன் ஒரு சான்றிதழ். பார்ப்பவருக்கு ஆசை வருவது இயற்கையே. எனினும் கேட்பவர் கையில் இருப்பது பிள்ளையின் படிப்புக்கான பணம். ஆதலால் இதைச் சற்று விரிவாகவே எழுத விழைகிறேன்.

ஒரு நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, அதன்மேல் பொறித்த முகமதிப்பு. இரண்டாவது, அதிலுள்ள உலோகத்தின் மதிப்பு. மூன்றாவது, அதைத் தேடி அலைபவர் தரும் விலை. முதலிரண்டையும் நாமே கணக்கிட்டு அறியலாம். மூன்றாவதோ முற்றிலும் பிறர் விருப்பத்தைப் பொறுத்தது. புதிய தொகுப்பை வாங்கும்போது இம்மூன்றோடு பெட்டிக்கும் அச்சுக்கும் விற்பனைச் செலவுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறோம். விற்கும் நாளில் பெட்டிக்கு எவரும் தனியே பணம் தருவதில்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டுகளையே காண்போம். 1976ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்பை முன்னிட்டு வெளியான 500 ரிங்கிட் தங்க நாணயத்தின் எடை 33.437 கிராம். அதில் 90 விழுக்காடு தங்கம், அதாவது ஏறத்தாழ 30 கிராம் சுத்தத் தங்கம். கிராம் 400 ரிங்கிட் என்று குறைத்தே கணக்கிட்டாலும் உலோகம் மட்டும் 12,000 ரிங்கிட் பெறும். இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, நாணயம் விலை ஏறுகிறது!" என்பார்கள். ஏறியது தங்கம். 1976இல் ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 125 அமெரிக்க டாலர்தான். அதே ஆண்டில் அதே எடைக்கு வளையல் வாங்கியவருக்கும் தங்கத்தின் உயர்வு கிடைத்திருக்கும்.

இனி, 2003ஆம் ஆண்டு முதல் அருகிவரும் விலங்குகளின் உருவம் தாங்கி வந்த 25 சென் நாணயங்களைப் பாருங்கள். கடையில் 25 சென் நாணயம் கொடுத்து நாம் எதையும் வாங்கியதில்லை. அப்படியொரு நாணயம் நம் புழக்கத்தில் இல்லை. சேகரிப்பவர்களுக்காகவே அடிக்கப்பட்டவை அவை. அவற்றின் உலோகத்திற்கு 'நோர்டிக் கோல்ட்' என்று பெயர். பெயரில்தான் தங்கம். செம்பு 89, அலுமினியம் 5, துத்தநாகம் 5, பேராக் மக்கள் நன்கறிந்த வெள்ளீயம் 1 விழுக்காடு. தங்கம் அணுவளவும் கிடையாது. ஐரோப்பாவின் 10, 20, 50 சென்ட் யூரோ நாணயங்களும் இதே கலவைதான்.

இந்தப் பெயர் ஒரு குடும்பத்தை எப்படிக் குழப்பியது என்பதை நான் நேரில் கண்டேன். 2018ஆம் ஆண்டு, என் முன்னாள் மாணவி ஒருத்திக்குத் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தந்தை தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் லாரி ஓட்டியவர். போனஸ் கிடைத்த ஆண்டுகளில் எல்லாம் மகளின் படிப்புக்கென்று ஒரு தொகுப்பு வாங்கி, பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார். மொத்தம் 2,000 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவிட்டிருந்தார். துணைக்கு வரும்படி கேட்டதால் ஈப்போவுக்கு உடன் சென்றேன்.

இரண்டு கடைகளில் விசாரித்தோம். இரண்டிலும் கடைக்காரர் செய்தது ஒன்றே. வெள்ளியை ஒருபுறமும் மஞ்சள் நிற நாணயங்களை மறுபுறமும் பிரித்தார். வெள்ளியைத் தராசில் வைத்தார். மஞ்சள் நாணயங்களுக்கு வாங்கிய விலையில் ஒரு சிறு பகுதியே சொன்னார். எல்லாம் சேர்த்து 700 ரிங்கிட்.

"சார், இதுல கோல்டுன்னு எழுதியிருக்கே?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அது உலோகத்தோட பேருண்ணே, தங்கமில்ல" என்றேன். வேறென்ன சொல்வது? கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவரிடம் அதே தொகுப்புகள் அலமாரி நிறைய இருந்தன. வெள்ளியை மட்டும் விற்றார். பதிவுக் கட்டணத்திற்கும் மடிக்கணினிக்கும் எஞ்சிய தொகையை ஈடுகட்டியது அவர் மனைவியின் சங்கிலி. அடகுக்கடையில் அதற்கு ஐந்து நிமிடத்தில் பணம் கிடைத்தது. ஏழு மாதம் கழித்துச் சங்கிலியை மீட்டார்கள். அதன்பின் வெள்ளி விலை நன்றாகவே உயர்ந்துள்ளது என்பது உண்மை. ஆயினும் அது வெள்ளியின் உயர்வேயன்றித் தொகுப்பின் உயர்வன்று.

ஏன் இப்படி? எல்லாரும் பத்திரப்படுத்தும் பொருள் அரிதாவதில்லை. நம் முதல் வரிசை நாணயங்களில் 1971ஆம் ஆண்டின் 5 சென், 10 சென் இரண்டும் இன்று சேகரிப்பாளர் தேடும் அரிய காசுகள். குறைவாக அடிக்கப்பட்டன, அக்காலத்தில் சில்லறைதானே என்று பலரும் செலவழித்துவிட்டனர். பிரிட்டனில் 2009இல் வந்த கியூ தோட்டத்து 50 பென்ஸ் நாணயமும் அப்படியே. புழக்கத்தில் விடப்பட்டவை 2,10,000 மட்டுமே. அது அரியது என்று பின்னரே பலருக்கும் தெரியவந்தது. இப்போது நூறு பவுண்டுக்கும் மேல் விலை பேசுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க நாணயச்சாலை 1999இல் 31.95 டாலருக்கு விற்ற வெள்ளித் தொகுப்பு, மாநில நாணயங்களின் மீதிருந்த மோகத்தால் சில ஆண்டுகளில் 300 டாலரைத் தாண்டியது. ஆனால் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் பத்திரமாகவே இருந்தன. மோகம் தணிந்ததும் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. முதலில் வாங்கியவர் இலாபம் கண்டார். உச்சத்தில் வாங்கியவர் இழந்தார்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 4 விழுக்காடு ஈவு தரும் சேமிப்பில் இட்ட பணம் 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 72ஐ விழுக்காட்டால் வகுத்தால் ஆண்டு கிடைக்கும் என்பது எளிய வழி. எனவே 300 ரிங்கிட்டுக்கு வாங்கிய தொகுப்பு, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் அதே 300க்கு விற்றால், "நட்டமில்லை" என்று சொல்லலாகாது. 600 ஆகியிருக்க வேண்டிய பணம் அது.

நம் முன்னோர் காசைக் கழுத்தில் அணிந்தவர்கள். காசுமாலையில் வளையம் பற்றவைத்த தங்கக் காசைச் சேகரிப்பாளர் குறைபட்டது என்பார். தங்க வணிகரோ எடைக்கு உரிய விலை தருவார். ஏறத்தாழ எட்டு கிராம் எடையுள்ள ஆங்கிலத் தங்க நாணயமே நம் வழக்கில் 'பவுன்' என்னும் அளவாயிற்று. நாணயமாகவே தங்கம் வாங்க விரும்புவோருக்கு 2001 முதல் கிஜாங் எமாஸ் இருக்கிறது. அதை விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் பேங்க் நெகாரா அறிவிக்கிறது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது வாங்குமுன்னரே தெரியும். நினைவுத் தொகுப்புக்கு அந்த வசதி இல்லை.

ஏற்கெனவே தொகுப்பு வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்:

1. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தின் மேற்பரப்பை அது கெடுத்துவிடும்.
2. மென்மையான பிவிசி நெகிழி உறையில் நெடுநாள் வைக்க வேண்டா. நம் நாட்டு வெக்கையில் நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்கு படியும்.
3. பெட்டியையும் சான்றிதழையும் பிரிக்காமல் வையுங்கள். அவற்றுக்குத் தனி விலையில்லை. ஆனால் அவை இல்லாவிடில் விலை குறையும்.
4. புதிதாக வாங்குமுன், அதே கடையில் சென்ற ஆண்டுத் தொகுப்பை எவ்வளவுக்குத் திரும்ப வாங்குவீர்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அவ்வாறு சொல்லவில்லை. 1995ஆம் ஆண்டு தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்களை இந்திய அரசு வெளியிட்டது. அம்மாநாட்டு வரிசை 1966இல் தொடங்கியது நம் கோலாலம்பூரில். அத்தகைய நாணயம் ஒன்றை வகுப்பில் கைக்குக் கை மாற்றினால் மாணவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு பாடவேளை போதாது. அதற்கு விலை கொடுக்கலாம்; தவறில்லை. ஆனால் அது விருப்பத்துக்கான செலவு என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். படிப்புக்கான பணத்தை, தேவைப்படும் நாளில் முழுமையாகக் கைக்கு வரும் இடத்தில் வையுங்கள்.