லங்காஷயரின் வாசிம்

2025 ஜூலையில் இந்தியா டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தபோது, லங்காஷயர் கவுண்டி அணியின் மைதானமான மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு ஸ்டாண்டுக்குக் கிளைவ் லாய்ட், ஃபரூக் எஞ்சினியர் இருவரின் பெயரையும் சூட்டினார்கள். அன்றிரவே எங்கள் திருவல்லிக்கேணி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. கூலிக்கு ஆடிவிட்டுப் போனவர்களுக்கு இத்தனை மரியாதை எதற்கு, உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூடவா கிடைக்கவில்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஞ்சினியர் பம்பாய்க்காரர், லாய்ட் கயானாக்காரர். இருவரும் லங்காஷயருக்கு வந்தது 1968இல். 1950க்குப் பிறகு பட்டமே பார்க்காமல் கிடந்த கவுண்டி, அவர்கள் ஆடிய காலத்தில் 1970, 71, 72 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஜில்லெட் கோப்பையைத் தூக்கியது. எஞ்சினியர் ஓய்வுக்குப் பிறகும் மான்செஸ்டர் பக்கமே தங்கிவிட்டார். இவர்களையா கூலிக்காரர்கள் என்பது?

இங்கிலாந்தைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. பக்கத்து யார்க்ஷயர் 1992இல் டெண்டுல்கரை எடுக்கும்வரை ஒரு வெளிநாட்டு வீரரைக்கூட ஆடவைத்ததில்லை. அங்கே தான் பட்ட இனவெறியை அந்த அணிக்கு ஆடிய அசீம் ரஃபீக் சொன்னபோது நாடே தலைகுனிந்தது. ஆனால் கவுண்டிக்காக ஆடியவரை அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் ஆளாகவே நினைக்கிறார்களே, அந்தக் குணத்துக்கு நான் அடிமை. வார நாளில் பாதி காலியான மைதானத்தில், மடியில் ஸ்கோர் நோட்டை வைத்துப் பென்சிலால் ஒவ்வொரு பந்தாகக் குறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பாகிஸ்தானின் வாசிம் அக்ரம் என்று பேச்செடுத்தேன். லங்காஷயரின் வாசிம் என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பந்தைக் குறித்தார்.

அந்த வாசிமை எனக்குச் சேப்பாக்கத்திலிருந்தே தெரியும். 1998இல் லங்காஷயருக்குத் தலைமை ஏற்று இரண்டு கோப்பைகளை வென்று கொடுத்துவிட்டு, 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணித் தலைவராகச் சென்னைக்கு டெஸ்ட் ஆட வந்தார். முதுகுவலியோடு டெண்டுல்கர் அடித்த 136 வீணாகி, 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் மூச்சுப்பேச்சு இல்லை. பிறகு வாசிமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவர, மொத்தச் சேப்பாக்கமும் எழுந்து நின்று கைதட்டியது. இந்திய ரசிகர்கள் வெறியர்கள் என்று இங்கிலாந்தில் யார் சொன்னாலும் இதைத்தான் எடுத்து வீசுவேன். எங்கள் ஊருக்கு மனசு பெரிசு.

லங்காஷயரின் மனசும் சின்னதல்ல. அதே மாதம்தான் அடிலெய்டில் இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று அம்பயர் நோ-பால் கொடுத்தார். அந்த வருஷ இங்கிலாந்துக் கோடையிலேயே லங்காஷயர் முரளியை அழைத்துக்கொண்டது. பாதி சீசனில் 66 விக்கெட் எடுத்தார் அந்தக் கண்டித் தமிழர்.

சேப்பாக்கத்துக்கும் மனசு இல்லாமல் இல்லை. அதை எழுதி வைக்கும் வழக்கம்தான் போதாது. மைதானத்துக்கு நிர்வாகி எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர். 2023இல் திறந்த புது ஸ்டாண்டுக்குக் கலைஞர் பெயர். அவற்றை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கவுண்டிகள் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவரைக்கூட வீரர் பட்டியலில் விடாமல் வைத்திருக்கின்றன. 1973 முதல் 75 வரை ஆடிய நம் வெங்கட்ராகவன் டெர்பிஷயர் பட்டியலில் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு ஆடிய அத்தனை பேருக்கும் சேப்பாக்கத்தில், டிக்கெட் வாங்கி நுழைகிறவன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சுவர் வேண்டும். 1934இல் இதே மைதானத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலனிலிருந்து அதை ஆரம்பிக்கலாம்.