இரும்பின் எடை

பழைய சாமான் கடையில் கனத்த மின்மாற்றி ஒன்றைக் கண்டுவிட்டால், 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்ற அமெச்சூர் வானொலி அன்பருக்குக் கால் நகர மறுக்கும். வால்வு பெருக்கி ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்னும் ஆசை அவரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. தகட்டில் பொறித்துள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்க்கிறார். போதும் என்று தோன்றுகிறது. ஏமாற்றம் தொடங்குவது அந்தப் பெருக்கலில்தான்.

3-500இசட் என்னும் வால்வைச் சான்றாகக் கொள்ளலாம். அதற்கு 3,000 வோல்ட் நேர்மின்னழுத்தமும் 400 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் தேவையெனில், கணக்கு 1,200 வாட். ஆனால் மின்திருத்தியை அடுத்துப் பெரிய மின்தேக்கி நிற்கையில், மின்மாற்றி சீராகக் கொடுப்பதில்லை. ஒவ்வோர் அலையின் உச்சியிலும் சிறு பொழுதில் வாரி இறைக்கிறது. கம்பியைச் சுடவைப்பது மின்னோட்டத்தின் சராசரி அன்று, அதன் வர்க்கம். ஆகவே வெளியே 400 மில்லிஆம்பியர் செல்லும்போது சுருள் சுமப்பது ஏறத்தாழ 700. தேவையும் 1,500 வோல்ட்-ஆம்பியரைத் தொட்டுவிடுகிறது.

பேச்சுக்கு மட்டும் எனில் இதில் பாதி தாங்கும் மின்மாற்றியே சமாளித்துவிடக்கூடும். பேசுபவர் மூச்சு வாங்குகிறார். மறுமுனைக்குச் செவிசாய்க்கவும் செய்கிறார். இரும்பு அதற்குள் ஆறிக்கொள்கிறது. தொலைதட்டச்சோ ஓய்வறியாதது. ஆனால் சிறிய மின்மாற்றியின் மெல்லிய கம்பியில், குரல் உயரும் கணந்தோறும் மின்னழுத்தம் சரிந்து ஒலி சிதையும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இன்னொரு பொறியும் உண்டு. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கென இரும்பைச் சிக்கனப்படுத்திச் செய்த மின்மாற்றியை, மலேசியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதே வோல்ட்டில் இணைத்தால், அதன் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சுமை ஏதும் இல்லாமலே அது முனகும், சூடேறும். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சூடு உடனே கொல்வதில்லை. கம்பியின் காப்பை நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கிறது. காப்பு கருகிய நாளில் உயரழுத்தம் இரும்புச் சட்டத்தில் ஏறக்கூடும். புவித்தொடர்பு சரியில்லாத வீட்டில் அதைத் தொடுவது அவருடைய பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

விவரமறிந்தவர் பத்து நிமிடச் சோதனையை நம்புவதில்லை. கனத்த இரும்பு முழுதும் சூடேற மணிக்கணக்காகும். தொடங்குமுன்பே உயரழுத்தச் சுருளின் மின்தடையை அளந்து குறித்துக்கொள்கிறார். வழக்கம்போல் சில மணி நேரம் இயக்கியபின் செருகியைப் பிடுங்கி, மின்னழுத்தமானியின் முள் சுழிக்கு வரும்வரை காத்திருந்து, காப்பிட்ட கைப்பிடியுடைய கோலால் மின்தேக்கியைத் தரையுடன் தொடுத்துவிட்டு, அதன் பிறகே மீண்டும் அளக்கிறார். மின்தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால், சுருள் 50 பாகைக்குச் சற்று மேல் சூடேறியிருக்கிறது. மலேசியப் பிற்பகலின் 32 பாகையை அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.