மாடி வீட்டுச் சத்தம்

இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

உறையூர்க்காரர்களுக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. என் தாத்தாவும் நெசவாளிதான். ஆனால் அவருடைய தறி குழித்தறி. அதன் அதிர்வை மண்ணே விழுங்கிக்கொள்ளும். என் அக்காவின் தையல் எந்திரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாங்கள் மாடிக் குடித்தனம்.

அப்பா போனபிறகு அக்காவின் எந்திரம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. என் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான். தீபாவளி நெருங்கினால் இரவு பதினொன்று வரை ஓடும். கீழே வீட்டுக்காரப் பாட்டி. சுருட்டுச் சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். எங்கள் எந்திரம் நிற்கும் இடத்துக்கு நேர் கீழேதான் அவருடைய கட்டில்.

"வெக்காளியம்மன் ஏன் கூரையில்லாம உக்காந்திருக்கா தெரியுமா தம்பி? மேல குடித்தனம் வெச்சா தூங்க முடியாதுன்னுதான்" என்பார் முதலில். பிறகு வேடிக்கை போயிற்று. "தை பொறந்ததும் வேற வீடு பாத்துக்கங்க" என்றார். அந்த வாடகைக்கு எங்கே போவது?

இயற்பியல் மாணவனல்லவா, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று தெர்மாகோல் அட்டைகளைப் பாட்டியின் உள்கூரையில் ஒட்டினேன். சத்தம் குறையவில்லை, இரண்டே நாளில் பாதி உரிந்து கட்டிலில் விழுந்தது.

வெட்கத்தோடு எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை மேசைமேல் ஊன்றினார். அறை முழுக்க ஒலித்தது. அடுத்து, கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் ஊன்றினார். ஓசை அடங்கிவிட்டது.

"பேச்சும் பாட்டும் காற்று வழியாக வருபவை. கனமான கான்கிரீட் தளம் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உங்கள் எந்திரம் தளத்தையே தட்டுகிறது, தளமே மேளமாகிவிடுகிறது. காற்றைப் போல எடையற்ற தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும், இதை என்ன செய்யும்? பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும்" என்றார்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்பதையும் சொன்னார். பாட்டி என்ன, மீட்டரை வைத்துக்கொண்டா உறங்குகிறார்!

தடித்த தென்னைநார் மிதியடிகள் இரண்டு, அவற்றின்மேல் கனத்த பலகை, பலகைமேல் எந்திரம். அக்காவைத் தைக்கச் சொல்லிவிட்டுக் கீழே ஓடிப் பாட்டியின் கட்டிலிலேயே படுத்துக் கேட்டேன். அதே கடகட! மனம் உடைந்துபோயிற்று. மேலே வந்து பார்த்தால், பலகையின் ஒரு மூலை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மெத்தைமேல் ஏற்றிய அதிர்வு சுவர் வழியாகச் சுகமாக இறங்கியிருக்கிறது. நாலு விரற்கடை தள்ளி வைத்தேன். கீழே இப்போது எங்கோ தொலைவில் வண்டு முரல்வது போல மட்டும் கேட்டது.

தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது. வீடு காலி செய்கிற பேச்சைப் பாட்டி எடுக்கவில்லை. சென்ற வாரம் ரவிக்கைத் துணியோடு மாடியேறி வந்தார். அளவு கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்திரம் பரவாயில்ல தம்பி. நீதான் குதிகால ஊனி நடக்குறே."