மெழுகு விட்டுப்போன இடம்

சுவாமிமலையில் நான் நுழைந்த பட்டறையில் அன்று உளிச் சத்தமே இல்லை. வார்ப்பு நாள். "காலைப் பாத்து வைங்க தம்பி, கம்பி கிடக்கும்" என்றொரு குரல் உள்ளிருந்து வந்தது. அறுபதைத் தாண்டிய ஸ்தபதி ஒருவர் மடியில் ஒரு மெழுகுக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை மட்டும்தான். அதற்குரிய அம்மன் உடல் பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் இறுகிக்கொண்டு கிடந்தது.

ஒரு பழைய கணக்கைத் தீர்க்கத்தான் போயிருந்தேன். பள்ளியில் ஓவிய ஆசிரியர் கோடு, உருவம், பருமன், நிறம், இழைநயம், வெளி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார். பரீட்சையில் தாளின் ஒரு மூலையில் ஒற்றைக் கொக்கை வரைந்துவிட்டு மீதியைச் சும்மா விட்டேன். "பாதித் தாள் காலியா கிடக்கே" என்று மதிப்பெண்ணையும் பாதியாக்கிவிட்டார். பட்டியலின் கடைசிச் சொல் அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை ஸ்தபதியிடம் சொன்னபோது சிரித்தார். மடித்த தென்னோலை நறுக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தது. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்பிலிருந்து தொப்புள் வரை இவ்வளவு என்று மடிப்புகளே சொல்லும். உத்தம தசதாளம் என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. சிலை ஓரடியோ ஆறடியோ, ஓலைதான் நீளும், பங்கு மாறாது.

"இதை என் பேரன்கிட்ட குடுத்தா அவனும் அளவைச் சரியா வச்சிடுவான். இடுப்பை ஒடிக்கச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மெழுகு, கருப்பட்டி நிறத்தில் இருந்தது. காய்ச்சிய இரும்பைத் தொட்டு, கையைத் தோளோடு ஒட்டினார். சுர்ரென்று ஒரு சத்தம், குங்கிலியப் புகை வாசம். இளகியிருந்த முழங்கையை ஒரு நெல்மணி அளவு வெளியே தள்ளினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி தள்ளினார். நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையைப் பாக்காதீங்க. கைக்கும் இடுப்புக்கும் நடுவுல வர்ற வெளிச்சத்தைப் பாருங்க."

பார்த்தேன். முதலில் வெறும் சந்தாகத் தெரிந்தது, மூன்றாவது தடவை தள்ளியதும் மாவிலை போல ஒடுங்கி நீண்டது. அம்மன் மூச்சு இழுத்து நிமிர்ந்தது மாதிரி இருந்தது. அவர் செதுக்கியது வெளிச்சத்தைத்தான்.

கொல்லையில் வேறொரு சிலைக்கு வார்ப்பு. மெழுகு உருவின் மேல் முதலில் காவிரி வண்டல் மண்ணை வழவழப்பாகப் பூசி, நிழலில் காயவைத்து, அதற்கு மேல் மணல் கலந்த மண்ணையும் கம்பியையும் கட்டியிருந்தார்கள். வண்டல் அவ்வளவு நைசாக இருப்பதால்தான் நகக்கீறல்கூட உள்ளே பதியும். வரட்டி அடுக்கிச் சுட்டதும் மெழுகு உருகி வழிந்து போனது. இத்தனை நாள் உழைப்பும் ஒழுகிப்போய், மண்ணுக்குள் மிஞ்சியது ஒரு காலி இடம். அதை நிரப்ப மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம்: பெரும்பகுதி செம்பு, பித்தளையும் ஈயமும் கொஞ்சம், பேருக்குப் பொன்னும் வெள்ளியும்.

உருக்கிய உலோகம் இருந்த மூசையைத் தூக்கியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நூல் போல ஊற்றினார்கள். காற்று போக விட்ட துளையில் உலோகம் எட்டிப் பார்த்ததும்தான் ஒருவர் பெருமூச்சு விட்டார். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் சிலையில் ஓட்டை விழும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

முன்கூடத்தில் விற்பனைக்கு நின்ற சிலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உளிவேலை நுணுக்கம் அசர வைக்கிறது. ஆனால் விரலளவு இடம்கூட விடாமல் நகையும் பூவும். வாங்குகிறவர் கேட்கிறார், செய்கிறார்கள். குறை அவர்கள் மேல் இல்லை. சோழர் காலத்து வார்ப்பாளர்கள் நுண்வேலையைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்துவிட்டார்கள். வார்த்தபின் உளி தொட்டது குறைவு. டெல்லியில் 2023 ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய 27 அடி நடராசர் இந்த ஊர் வேலை என்பதில் எனக்கும் பெருமைதான். அந்த உயரத்தை வைத்தே கலையை எடைபோடும்போதுதான் கொக்கு வரைந்த தாள் ஞாபகம் வருகிறது.

திரும்பும் வழியில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இறங்கினேன். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், 1011ஆம் ஆண்டுச் சிலை. பாம்புகள் சுற்றிய சடைமுடியைத் தலைப்பாகை போலக் கட்டி, கால் மாற்றி ஒய்யாரமாக நிற்கிறார். மடங்கிய ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளை இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது. அந்தக் கை மட்டும் ஆயிரம் வருடமாகக் கீழே விழாமல் சாய்ந்தபடியே இருக்கிறது. எங்கள் ஆசிரியராக இருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பார்.

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் அவர் முகத்தைப் பார்த்ததோடு வந்துவிடாதீர்கள். அந்தக் கைக்குக் கீழே கொஞ்ச நேரம் பாருங்கள்.