புன்னை எண்ணெயும் நமது நாவும்

மயிலைக் கபாலீச்சுரர் கோயிலின் தல விருட்சம் புன்னை என்பதை மயிலாப்பூர்வாசிகளில் அறியாதார் சிலரே. உப்புக் காற்றுக்கு அஞ்சாத அம்மரம் கடலோரங்களில் செழித்து வளரும். அதன் கொட்டையினின்று ஆட்டிய எண்ணெயை மூட்டுப் பிடிப்புக்குத் தேய்ப்பது பழைய வழக்கம். ஐம்பதைக் கடந்தபின் நமது வலது முழங்காலும் வீங்கியது. அன்பர் ஒருவர் தந்த புன்னை எண்ணெயைப் பத்து நாள் தேய்த்தோம், வீக்கம் வடிந்தது. மகிழ்ச்சி மிகுதியால், கண்டவரிடமெல்லாம் அதைப் புகழ்ந்தோம்.

அப்புகழ்ச்சியைக் கேட்டவர்களுள், கைவிரல் மூட்டுகள் வீங்கி அவதியுற்ற மூதாட்டி ஒருவரும் இருந்தார். சில மாதங்களாக அவரை ஆலயத்தில் காணாமையால் இல்லம் சென்றோம். செபமாலை மணிகளை உருட்டவும் இயலாதபடி அவர் விரல்கள் கோணியிருந்தன. மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தி ஓராண்டு ஆயிற்றாம். “நீங்களே சொன்னீர்களே, சாமி!” என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது.

அதன்பின்னரே, புன்னையை ஆராய்ந்தோர் கூறியதைத் தேடிப் படித்தோம். நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் லலிதா காமேசுவரன் உள்ளிட்ட மருந்தியல் அறிஞர்கள், புன்னையிலும் நாகமரத்திலும் உள்ள சாந்தோன்கள் என்னும் பொருள்களைச் சோதித்து, 1980-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ‘மஞ்சள்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது.

சோதனை முறை எளியது. கடற்பாசியினின்று எடுக்கும் காராஜீனனை எலியின் பின்னங்காலில் ஊசிவழி செலுத்தினால், சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். மருந்து பெற்ற எலியின் வீக்கத்தையும் பெறாத எலியின் வீக்கத்தையும் அளந்து ஒப்பிடுவர். சாந்தோன்கள் வீக்கத்தைக் குறைத்தன. அட்ரீனல் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளிலும் குறைத்தன. ஆகவே அச்சுரப்பியைத் தூண்டியதால் விளைந்த பயன் அன்று அது. ஆயினும் அவை வலியைத் தணிக்கவில்லை, காய்ச்சலை இறக்கவில்லை, பிராணிகளுக்கு மந்தத்தையும் உண்டாக்கின. அறிஞர்கள் இவற்றையும் மறையாது எழுதினர்.

நாமோ எதையும் அளக்கவில்லை. சாந்தோன்கள் மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் கிடைப்பவை. நாம் தேய்த்ததோ கொட்டையின் எண்ணெய். எலியின் பாதத்தில் கண்டது சில மணி நேர வீக்கம். மூதாட்டிக்கு இருந்ததோ, உடலின் காப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி, காலப்போக்கில் எலும்பையும் அரிக்கும் முடக்குவாதம். நமது வீக்கம் அப்பத்து நாள் ஓய்வினால் வடிந்ததோ என்னவோ!

மறுநாளே அவரிடம் சென்று, “தவறு நம்முடையது, அம்மா” என்று ஒப்புக்கொண்டு, மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரைகள் மீண்டும் தொடங்கின. வலி குறைந்தது, கோணிய விரல்கள் நிமிரவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தினரே, மூலிகைகளை இகழவேண்டுவதில்லை. அவையும் இறைவனின் கொடையே. ஆனால், ஒருவருக்கு உதவியது மற்றவருக்கும் உதவும் எனச் சோதியாமல் சாற்றுவது பிறரன்பு ஆகாது. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் எழுதிய அந்த ஆய்வாளரின் நேர்மை, பீடத்தில் நின்று பேசும் நமக்கு முதலில் வேண்டும். சாமியாரின் சொல்லையே மருந்துச் சீட்டாகக் கொள்வோர் நம்மிடையே பலர் உளர்.