தலைக்குள் வேலையைச் சுமக்காதீர்கள்



பாடசாலை விட்டு வீட்டுக்குப் போகும் ஓர் ஆசிரியரின் தலைக்குள் என்னென்ன இருக்கும்? தரம் 9 கொப்பிகள் இன்னும் திருத்தவில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள் பாதியில் நிற்கிறது. உம்மாவுக்குப் பிரஷர் குளிசை முடியப் போகிறது. கரண்ட் பில். வட்ஸ்அப் குரூப்பில் அதிபர் கேட்ட விபரம்.

பஸ்ஸில் இருந்துகொண்டு இதில் ஒன்றையும் செய்ய முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டும். வீட்டுக்குப் போனால் பிள்ளை ஆசையாகக் கதை சொல்லும். நம் வாய் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லும்.

இது மனித மனத்தின் இயல்பு. ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை விட இடையில் நின்ற வேலைகளே அதிகம் நினைவில் தங்கியதைக் கண்டார். நமது தொழிலில் முழுசாக முடிந்த வேலை என்று எது இருக்கிறது?

எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதி என்றால் நமக்கு நிம்மதியே இல்லை. நல்ல வேளையாக விஷயம் அப்படியல்ல. மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுகளில், முடியாத வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டவர்களை அந்த நினைப்பு வந்து குழப்புவது குறைந்தது. வேலை அப்படியே கிடக்கும். மனம் அதை இறக்கி வைத்துவிடும்.

ஆகவே "கொப்பி திருத்த வேண்டும்" என்று எழுதினால் போதாது. "அஸருக்குப் பிறகு 9ஏ கொப்பி 15" என்று எழுத வேண்டும்.

நேரம் குறிக்க நமக்குப் புதிய ஆப் எதுவும் தேவையில்லை. ஐந்து வக்துத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே பிரித்துத் தந்திருக்கிறது. "பின்னேரம் பார்ப்போம்" என்பது வழுக்கிப் போகும். மஃரிப் வழுக்காது, பாங்கு சொல்லியே தீரும். வினாத்தாள் போன்ற யோசிக்கிற வேலை சுபஹுக்குப் பிறகு. கொப்பிகள் அஸருக்குப் பிறகு. மஃரிபுக்குப் பிறகு வீட்டாருக்கு. இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம், நாளைய வேலைகளைக் கடதாசியில் எழுத.

அந்த ஐந்து நிமிடம் சும்மா அல்ல. அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களை விடச் சராசரியாக சுமார் 9 நிமிடம் விரைவாகத் தூங்கினார்கள். விபரமாக எழுத எழுத, தூக்கமும் விரைவாக வந்தது.

இதனால் படிவங்கள் குறையாது. அதிபரின் மெசேஜும் நிற்காது. ஆனால் வகுப்புக்குள் போகும்போது நாம் முழுசாகப் போகலாம்.

அதுதான் முக்கியம். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை வாய் திறந்து சொல்லாது. வீட்டில் சண்டை என்பதையும் சொல்லாது. முகத்தைப் பார்த்துத்தான் நாம் அறிய வேண்டும். பாடவேளை குறுகியது, முகங்களோ நிறைய. நம் தலைக்குள் சத்தம் அதிகமாக இருந்தால் அந்த ஒரு முகம் கண்ணில் படாமலே மணி அடித்துவிடும்.

இன்றிரவே ஒரு கடதாசியை எடுங்கள், இன்ஷா அல்லாஹ்.