தோட்டம் சொன்ன சேதி

புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று படிக்கிறோம். நம் நடுவட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுத் தோட்டம் சொல்லிவிடும்.

ஜூனில் கூடலூர்ப் பக்கமிருந்து ஏறிவரும் மழை, செப்டம்பர் கடைசியில் தணியும். பேரிக்காய் முடியும். அட்டை குறையும். அக்டோபரில் காற்று திசை மாறும். "இனி பனிதான், தாகை வெட்டி வைடா" என்பார் அப்பாயி.

போன வருஷம் நான் கேட்கவில்லை. "வானம் சுத்தமாத்தானே இருக்கு அப்பாயி"னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன். விடிந்ததும் பார்த்தால் பீன்ஸ் கொடி கருகியிருந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் மண்ணின் சூடு வெளியேறி உறைபனி விழும் என்று பிறகுதான் வகுப்பில் படித்தேன். அப்பாயி திட்டவில்லை. "அது விதைக்கு விட்ட கொடிடா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த வருஷம் அப்பாயிக்கு முழங்கால் வலி. தோட்டத்துக்கு வர முடியல. பக்கத்து வீட்டில் விதை கேட்டு வாங்கி நானே நட்டேன். தாகையும் வெட்டி வைத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் வானத்தைப் பார்த்துவிட்டு அப்பாயியிடம் போய்ச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். நிறையச் சொல்வார்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்